ஊறாத உழுந்து புளிப்பதில்லை

இங்கிலாந்தில் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ முழுநேர அளவில் பணியாற்றும் வேலைத்தலங்கள் தமது உணவுக் கழிவை ஏனைய குப்பையிலிருந்து வேறாக்கிக் கையளிக்க வேண்டும் என்ற விதி 2025 மார்ச் 31 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவானோரைக் கொண்ட சிறு நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம் வழங்கப்பட்டது. வீடுகளிலிருந்து உணவுக் கழிவை வாரந்தோறும் தனியாகச் சேகரிப்பதற்கு 2026 மார்ச் 31 என நாள் குறிக்கப்பட்டது; பழைய ஒப்பந்தங்களில் சிக்கியிருந்த சில கவுன்சில்களுக்கு மட்டும் பிந்திய நாட்கள் கொடுக்கப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் சுற்றாடற் சட்டமே இவை அனைத்துக்கும் மூலமாகும்.

இந்த விதி எம்மவர் கடைகளை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ வெம்பிளியிலோ மரக்கறிக் கடை நடத்துபவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இன்னுமொரு தொட்டி, இன்னுமொரு கட்டணம், இன்னுமொரு கடிதம் என்று அவர்கள் சலித்துக் கொள்கின்றனர். சலிப்பில் நியாயமும் உண்டு. பின்புறத்தில் இரண்டு தொட்டி வைக்கவே இடமில்லாத கடைக்கு மூன்றாவது தொட்டி சுமைதான். எனினும் அந்தத் தொட்டியினுள் விழுபவை பின்னர் எங்கே போகின்றன, அங்கே அவற்றுக்கு என்ன நடக்கின்றது என்பதைப் பற்றி எமது சமூகத்தில் எவரும் பேசக் கேட்டோமில்லை. பேச வேண்டிய காரணம் எமக்கு ஏனையோரைவிட அதிகம் என்பதே எமது கருத்து.

இலண்டனில் கலந்து கட்டிய குப்பையின் பெரும்பகுதி எரியூட்டப்படுகின்றது. வடக்கே எட்மன்டனில் 1970 களின் தொடக்கத்திலிருந்து எரியுலை ஒன்று இயங்கி வந்துள்ளது. தெற்கே பெடிங்டனில் 2019 இல் புதியதொன்று இயங்கத் தொடங்கியது. குறொய்டன், மேட்டன், சட்டன், கிங்ஸ்டன் ஆகிய நான்கு கவுன்சில்களின் குப்பை அதற்குப் போகின்றது. அந்நான்கிலும் எம்மவர் நிறைந்து வாழ்கின்றனர். உணவுக் கழிவில் ஏறத்தாழ முக்காற் பங்கு தண்ணீர். தண்ணீரை நெருப்பிலிட்டு மின்சாரம் எடுக்க முயல்வது ஈரவிறகில் உலை வைப்பதை ஒத்தது.

தனியாகச் சேர்க்கப்படும் உணவுக் கழிவு வேறு வழியிற் செல்கின்றது. டகன்ஹாமில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் ஏற்கக்கூடிய றீஃபூட் ஆலை இருக்கின்றது. மிச்சத்திலும் ஓர் ஆலை உண்டு. அவ்வூரின் பெயர் தமிழில் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது! இவ்வாலைகளில் கழிவு கூழாக்கப்பட்டு, காற்றுப் புகாத பெருந்தாங்கிகளில் ஏறத்தாழ உடற்சூட்டின் வெப்பநிலையில் வாரக்கணக்கில் வைக்கப்படுகின்றது. ஒட்சிசன் இல்லாத அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் கழிவைப் படிப்படியாக உடைத்து மெதேனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவாக்குகின்றன. இதுவே உயிரியல் வாயு. ஒரு தொன் உணவுக் கழிவிலிருந்து நூறு கன மீற்றருக்கு மேல் இவ்வாயு கிடைக்கும். எஞ்சும் கூழ் வயலுக்கு எருவாகப் போகின்றது. ஊரில் சாணவாயுத் தாங்கியைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று, அளவுதான் பெரிது.

இங்கேதான் எம்மவரின் கழிவு ஏனையோரின் கழிவிலிருந்து வேறுபடுகின்றது. ஆங்கிலேயர் வீட்டுக் கழிவில் பாண், உருளைக்கிழங்குத் தோல், தேயிலைப் பை ஆகியன மிகுதி. இவற்றிற் பாணும் உருளைக்கிழங்குத் தோலும் தாங்கியில் விரைவிற் கரைந்துவிடும். எமது கடைகளிலும் கோயில்களிலும் மண்டபங்களிலும் சேர்பவையோ வாழையிலை, வாழைத்தண்டு, வாழைக்குலைக் காம்பு, தேங்காய்த் தும்பு, சிரட்டை, முருங்கைக்காய்ச் சக்கை, பலாப்பழ மடல், கரும்புச் சக்கை, தைப்பொங்கலுக்கு வரும் மஞ்சட்கொத்து. ஒரு கலியாண மண்டபத்தில் ஒரே நாளிற் சேரும் வாழையிலைகளை எண்ணிப் பார்த்தால் நாம் சொல்வது விளங்கும். இவை நாராலானவை. தாங்கியிலுள்ள பற்றீரியாக்கள் நாரின் முன் திகைத்து நிற்கின்றன.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். தாவர உடலின் பலம் செலுலோசு என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் தங்கியுள்ளது. அது பற்றீரியாவுக்கு நல்லுணவு. ஆனால் அந்தச் சங்கிலிகளைச் சுற்றி இலிக்னின் என்ற பொருள், கம்பிகளைச் சுற்றிய கொங்கிறீற் போல, இறுகப் படிந்திருக்கின்றது. இலிக்னினைக் காற்றில்லாத இடத்தில் உடைப்பது மிகக் கடினம். தும்பில் இலிக்னின் மிக அதிகம். அதனாலேயே அது கயிறாகவும் கால்துடைப்பமாகவும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றது. அத்தகைய பொருள் முப்பது நாற்பது நாட்களில் வாயுவாகும் என எதிர்பார்ப்பது வீண். பொதுவாக ஆலைகளின் சல்லடைகள் இத்தகைய வன்பொருட்களை முன்னரே பிரித்து ஒதுக்கிவிடுகின்றன. ஒதுக்கப்பட்டவை மீண்டும் எரியுலைக்கே போகக்கூடும்.

தோசைக்கு உழுந்தைப் போட்டவர் எவரும் அதனை ஊறவைக்காமல், அரைக்காமல் புளிக்க வைப்பதில்லை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வழி திறந்துவிடுவதே ஊறவைத்தலும் அரைத்தலும். கழிவுக்கும் இதே விதி பொருந்தும். வாயுத் தாங்கிக்குள் இடுவதற்கு முன்னர் கழிவைப் பக்குவப்படுத்தும் வேலையை முன்பதப்படுத்தல் என்கின்றனர். ஈஸ்ட்ஹாம் வாசகர்களுக்கு இதன் பெரிய உதாரணமொன்று அருகிலேயே உண்டு. பெக்டனிலுள்ள கழிவுநீர் நிலையம் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அங்கும் ஆற்றின் மறுகரையிலுள்ள குறொஸ்நெஸ்ஸிலும் கழிவுச் சேற்றைத் தாங்கிக்கு அனுப்பும் முன்னர், அமுக்கம் மிகுந்த கலங்களில் ஏறத்தாழ 160 பாகை செல்சியசு நீராவியில் வேக வைக்கின்றனர். எமது பிரசர் குக்கர் செய்யும் வேலைதான். பலன் நல்லது, ஆனால் கொதிகலன், அமுக்கக் கலன், எரிசக்தி என்று செலவு பெரிது. தேம்ஸ் வோட்டர் போன்ற நிறுவனத்துக்கு அது கட்டும். ஒரு கிராமத்துக்குக் கட்டுமா?

நெருப்பில்லாமல் இவ்வேலையைச் செய்யவல்லவை பங்கசுக்கள். காட்டில் விழுந்த மரம் மண்ணாவது அவற்றால்தான். இலிக்னினை முற்றாக உடைக்கும் ஆற்றலில் வெண்ணழுகற் பங்கசுக்கள் என்ற கூட்டத்துக்கு நிகரானவை உலகில் வேறில்லை. எப்பிங் காட்டில் விழுந்த மரங்களில், வான்கோழியின் விரித்த வால் போன்று வளையம் வளையமாகப் படரும் காளானை வால்தம்ஸ்ரோ வாசகர்கள் கண்டிருப்பர். அது இக்கூட்டத்தைச் சேர்ந்தது. (அக்காட்டில் காளான் பறிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.) நாம் கடையில் வாங்கும் சிப்பிக் காளானும் இதே கூட்டம்தான். 1983 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய பங்கசு ஒன்றிலிருந்து இலிக்னினைத் தாக்கும் நொதியத்தைப் பிரித்தெடுத்தனர். அந்நொதியம் ஐதரசன் பேரொட்சைட்டைத் துணைகொண்டு இலிக்னினை ஏறத்தாழ எரிப்பது போன்றே சிதைக்கின்றது. சாதாரண வெப்பநிலையில், ஈரத்தில், ஓசையின்றி.

இவ்விடத்தில் ஒரு முரணை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெண்ணழுகற் பங்கசுக்கு ஒட்சிசன் வேண்டும். மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஒட்சிசன் நஞ்சு. இருவரையும் ஒரே வீட்டில் குடிவைக்க முடியாது. ஆகவே முதலிற் காற்றோட்டமுள்ள இடத்தில் பங்கசின் வேலை, பின்னர் மூடிய தாங்கியிற் பற்றீரியாவின் வேலை என இரண்டு கட்டங்கள் தேவைப்படுகின்றன. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிசர்குருணா என்ற வாயு ஆலை, பங்கசையே நம்பியதன்று எனினும், இந்த இரட்டைக் கட்ட முறையையே கைக்கொள்கின்றது. சமையற் கழிவு முதலில் சுடுநீருடனும் காற்றுடனும் சில நாட்கள் பதப்பட்டு, அதன் பின்னரே காற்றில்லாத தாங்கிக்குள் இறங்குகின்றது.

இயற்கை இதனை மனிதனுக்கு வெகுகாலம் முன்னரே கண்டுகொண்டது. எமது ஊர்ப் புற்றுகளிலுள்ள கறையான்களிற் பல தாம் கொணரும் சருகையும் மரத்தூளையும் நேரடியாகச் செரிப்பதில்லை. புற்றினுள்ளே பங்கசுத் தோட்டம் அமைத்து, அதில் அவற்றை இட்டுப் பதப்படுத்தி, அதன் பிறகே உண்கின்றன. மாரிமழைக்குப் பின் புற்றருகில் முளைக்கும் காளானைப் பிடுங்கிக் கறி வைத்தவர்கள் அந்தத் தோட்டத்தின் பூவையே உண்டனர். மனிதரும் இதற்கு அந்நியரல்லர். தென்னிலங்கைக் களப்புகளில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டுத் தும்பைக் கழற்றுவதும், யாழ்ப்பாணத் தோட்டங்களில் பூவரசங் குழையைத் தாழ்த்து மண்ணை வளப்படுத்துவதும் நுண்ணுயிர்களை வேலைக்கு அமர்த்தும் கலைகளே. பெயர் தெரியாமலே எம் முன்னோர் செய்தனர்.

கேம்பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள பேப்ரகாமில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நீந்தித் திரிந்த சில நுண்ணுயிர்களை விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஒருகல விலங்குகள் என எண்ணியிருந்தனர். பங்கசுக்கு ஒட்சிசன் கட்டாயம் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது. 1975 இல் கொலின் ஓர்பின் என்பவர் செம்மறியாட்டின் இரைப்பையை ஆராய்ந்து, அவை ஒட்சிசன் இன்றி வாழும் பங்கசுக்கள் என நிறுவினார். வைக்கோலைத் தின்ற மாடு பால் தருவதில் இவற்றுக்கும் பங்குண்டு. நாருக்குள் வேர்போல ஊடுருவி அதனைப் பிளந்துவிடுகின்றன. இவற்றை வாயுத் தாங்கியினுள்ளேயே விட்டால் இரண்டு கட்டம் தேவையில்லை என்ற ஆசை ஆய்வாளர்களுக்கு எழுந்தது இயல்பே. ஆனால் மாட்டின் வயிற்றில் செழிப்பவை தாங்கியில் நீண்டகாலம் நிலைப்பதில்லை. மாடு மாடுதான்.

நாரில்லாத சாதாரண உணவுக் கழிவுக்கும் பங்கசு உதவுமா எனக் கேட்கலாம். சிங்கப்பூரின் நன்யாங் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதான கேக்கில் ஒருவகை அஸ்பெர்ஜிலசுப் பங்கசை வளர்த்து, அந்தக் கலவையை உணவுக் கழிவுடன் சேர்த்துப் பதப்படுத்தினர். 2015 இல் வெளியான அவர்களது பரிசோதனையில், பதப்படுத்தாத கழிவைவிட இரண்டு மடங்குக்கு மேல் மெதேன் கிடைத்தது. ஜப்பானியர் சோயாவையும் சோற்றையும் புளிக்க வைப்பதற்குப் பயன்படுத்தும் பங்கசின் உறவுக்காரரே இதுவும். இப்பரிசோதனை ஆய்வுகூட அளவில் நடந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நாளுக்கு நூற்றுக்கணக்கான தொன் கையாளும் ஆலையில் அதே பெருக்கம் கிடைக்கும் என அதிலிருந்து முடிவுகட்ட இயலாது.

ஏனெனில் பங்கசுக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். முதலாவது, அது மெதுவானது. பெக்டனின் நீராவி அரைமணி நேரத்துக்குள் முடிக்கும் வேலைக்குப் பங்கசு மூன்று நான்கு வாரங்கள் கேட்கும். அதுவரை அக்கழிவை வைக்க இடம் வேண்டும். இலண்டனில் இடத்தின் விலை எமக்குத் தெரியும். அடுத்தது, பங்கசு கூலியில்லாமல் வேலை செய்வதில்லை. இலிக்னினை உடைக்கும் போதே செலுலோசிலும் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகின்றது. நல்ல இனத்தைத் தெரிந்து, உரிய நாளில் நிறுத்தாவிட்டால், பதப்படுத்திய வைக்கோல் பதப்படுத்தாததைவிடக் குறைந்த வாயுவையே தரும். அப்படி முடிந்த பரிசோதனைகளும் உண்டு. மேலும், அழுகிய கழிவில் ஏற்கனவே குடியேறிய வேறு பூஞ்சணங்களை வென்று நாம் விரும்பும் இனம் வளர வேண்டுமாயின் அக்கழிவை முதலில் அவிக்க வேண்டும். அவித்தால் மீண்டும் எரிபொருட் செலவு.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கையில் எமது முடிவு பலருக்கு வியப்பளிக்கலாம். இலண்டனில் பங்கசு முறைக்கு அவசரமில்லை. இங்கு எம்மவர் செய்ய வேண்டியது கழிவைச் சுத்தமாகப் பிரிப்பது ஒன்றே. பங்கசுக்கு உரிய இடம் வன்னி.

ஏன் வன்னி? இரணைமடுக் குளத்தின் கீழும் ஏனைய குளங்களின் கீழும் ஒவ்வொரு போகமும் அறுவடையாகும் நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான வைக்கோல் வயலிற் கிடக்கின்றது. அறுவடை இயந்திரம் வந்த பின் அதனைக் கட்டிச் சுமந்து வீட்டுக்குக் கொண்டு போவோர் குறைந்துவிட்டனர். வயலிலேயே தீ மூட்டப்படும் வைக்கோலும் உண்டு. அதே வயலின் ஓரத்திலுள்ள வீட்டில் விறகு பொறுக்கி, புகையில் கண் கசிந்து, உலை வைக்கின்றனர் எமது உறவுகள். அவர்களிற் பலர் போரிற் கணவனை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள். எரிபொருள் இல்லாமை என்றால் என்னவென்று எமது வாசகருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 களின் முற்பாதியில் மின்சாரமும் இன்றி, தடைசெய்யப்பட்ட மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் அளந்து, ஜாம்போத்தல் விளக்கின் சிறு சுடரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இவ்வூரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். 2022 இல் முழு இலங்கையுமே சமையல் வாயுவுக்கு வரிசையில் நின்றது. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, மாதங்கள் சென்ற பின் அதனை விலக்கிக் கொண்ட அரசின் விளையாட்டில் நெற்செய்கையாளர் பட்ட பாட்டையும் தொலைபேசியிற் கேட்டோம். வாயுவும் எருவும் ஒரே தாங்கியிலிருந்து கிடைக்கும் என்பது அங்கே பாடப்புத்தகச் செய்தியன்று, வயிற்றுப்பாடு.

வைக்கோலிலிருந்து வாயு எடுப்பது இலங்கைக்குப் புதிதுமன்று. ஜா-எலவுக்கு அண்மையில் ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், தாங்கியில் வைக்கோலை ஒரே தடவையில் நிரப்பி, சிறிது சாணத்துடன் மூடி, மாதக்கணக்கில் வாயு பெறும் உலர்முறை ஒன்றை உருவாக்கியது. நாள்தோறும் சாணம் கரைத்து ஊற்றும் வேலை அதில் இல்லை. ஒரு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்கு ஒன்று முதல் இரண்டு கன மீற்றர் உயிரியல் வாயு போதும். ஒரு கன மீற்றர் வாயு, சிலிண்டரில் வரும் வாயுவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அளவுக்கு ஈடாகும்.

இந்த வரிசையில் பங்கசு எங்கே நுழைகின்றது? சிப்பிக் காளான் மூலமாக. வைக்கோலை நறுக்கி, சுடுநீரில் அவித்து, பையில் அடைத்து, வித்திட்டால் ஒரு மாதமளவில் காளான் பறிக்கத் தொடங்கலாம். காளானை விற்ற பின்னர் எஞ்சுவது இலிக்னின் தளர்ந்த வைக்கோல். முன்பதப்படுத்தலுக்கெனத் தனியாக ஒரு சதமும் செலவிடாமல் அது பதப்பட்டுவிட்டது. அதனைத் தாங்கியிலிட்டால் வாயு. தாங்கியிலிருந்து எடுத்தால் எரு. முதலிற் சொன்ன குறை இங்கும் உண்டு. வைக்கோலின் ஒரு பங்கைக் காளான் தின்றுவிடுவதால், மொத்த வாயு சற்றுக் குறையவும் கூடும். ஆனால் தின்ற பங்கு வீணாகவில்லை, கூடையிற் காளானாக நிற்கின்றது. வாயு ஆலையின் கணக்கப்பிள்ளை இதனை நட்டம் என்பார். சந்தைக்குப் போகும் பெண்ணின் கணக்கு வேறு. வைக்கோலை அவிக்க வேண்டிய சுடுநீருக்கும் தாங்கியின் வாயுவே எரியலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அருகருகே இயங்குகின்றன. காளான் அறிந்தோரும் தாங்கி அறிந்தோரும் ஒரே வளவில் இருக்கும் இடம் அது. ஒரே வயலின் வைக்கோலை இரு கூறாக்கி, ஒரு கூறில் காளான் வளர்த்து, மறு கூறை அப்படியே விட்டு, இரண்டையும் இரு தாங்கிகளில் ஓராண்டு அளந்து பார்ப்பதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. இலண்டனில் எமது பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விருந்து ஒன்றின் மிச்சப்பணம் அத்தகைய ஆய்வைத் தொடக்கி வைக்கப் போதும் என்பது எமது மதிப்பீடு. பாடசாலை வாயிலில் இன்னுமொரு வளைவு கட்டுவதைவிட இது பயனுள்ளது என்று சொன்னால் சிலர் கோபிப்பர். கோபிக்கட்டும்.

அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தேவை. காளான் வளர்ப்பு, உயிரியல் வாயு, பசுமை முதலீடு என்ற பெயர்களில் எம்மவரிடம் பணம் திரட்ட முனைவோர் வரலாம். எமது சமூகத்தில் பணம் திரட்டுவோருக்கு என்றுமே பஞ்சமில்லை. பங்கசு முறையில் இன்ன விகிதம் இலாபம் நிச்சயம் என்று எவரேனும் உறுதி கூறினால், அவர் பங்கசையும் அறியாதவர், கணக்கையும் அறியாதவர். அளந்து பார்க்கும் கட்டத்தில் உள்ள ஒன்றை விற்பனைக்கு வைப்பது தகாது.

இன்னுமொரு எச்சரிக்கை வீட்டைப் பற்றியது. இலண்டனில் வாடகை வீடுகளிற் குடியிருக்கும் எமது குடும்பங்களுக்குப் பங்கசு என்றவுடன் நினைவுக்கு வருவது குளியலறைச் சுவரிலும் படுக்கையறை மூலையிலும் படரும் கரும்பூஞ்சணமே. றொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்ததற்கு வீட்டில் நீண்டகாலம் படர்ந்திருந்த பூஞ்சணம் காரணம் என மரண விசாரணையில் முடிவாயிற்று. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் பூஞ்சணத்தையும் ஈரக்கசிவையும் குறித்த காலத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்று அக்குழந்தையின் பெயரால் வந்த விதி 2025 ஒக்டோபர் 27 இல் நடைமுறைக்கு வந்தது. நாம் மேலே புகழ்ந்த பங்கசுகளும் வித்திகளைக் காற்றில் விடுபவையே. காளான் கொட்டகைகளில் நெடுநேரம் வேலை செய்வோருக்குச் சுவாச நோய் வருவதுண்டு. ஆகவே இக்கட்டுரையை வாசித்துவிட்டு, இழுப்பு உள்ள பிள்ளைகள் தூங்கும் அறையில் வாழையிலையைப் பையில் கட்டிப் பூஞ்சணம் பிடிக்க வைத்துப் பார்ப்போம் என எவரும் எண்ண வேண்டாம். கோயில் வளவில் சொந்தமாகத் தாங்கி அமைக்கலாம் என்ற யோசனையும் அனுமதியின்றிச் செய்யத்தக்கதன்று. உணவுக் கழிவை வாயுவாக்கும் இடங்கள் அதனைச் சிறு துணிக்கைகளாக்கி 70 பாகை வெப்பத்தில் ஒருமணி நேரம் வைக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் இங்கு உண்டு. கோமாரி நோய் பரவிய 2001 ஆம் ஆண்டிலிருந்து சமையலறைக் கழிவைக் கால்நடைக்குக் கொடுப்பதே இந்நாட்டில் தடை. கஞ்சித்தண்ணீரையும் மரக்கறித் தோலையும் மாட்டுத் தொட்டியில் ஊற்றிப் பழகிய எமக்கு இது விந்தையாகத் தோன்றினும், காரணம் இல்லாமலில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மும்மூர்த்திகளுக்கு வெளியே எமது பெற்றோருக்கு வேறு தொழில் கண்ணிற் படுவதில்லை. கழிவைப் படிக்கப் போகின்றேன் என்று ஒரு மகள் சொன்னால், குப்பை அள்ளவா பல்கலைக்கழகம் போகின்றாய் எனக் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. இந்நாட்டின் ஒவ்வொரு கவுன்சிலும் உணவுக் கழிவைத் தனியாகச் சேர்க்கச் சட்டத்தால் கட்டுப்பட்டுள்ள காலத்தில், அதனை அறிந்தவருக்கு வேலை கிடைக்கும் என்பதையாவது அப்பெற்றோர் எண்ணிப் பார்க்கலாம்.

இலண்டனில் பிரிப்பதே வேலை என்றோம். அது சொல்வதுபோல் எளிதன்று. எமது கோயிற் பூமாலைகள் ஒருகாலத்தில் வாழைநாரிற் கட்டப்பட்டன. இன்று நைலோன் நூலும் வெள்ளித்தாளும் சரிகையும் இன்றி மாலை வருவதில்லை. அன்னதானத்தில் வாழையிலையும் அதன் மேலே வைத்த பிளாஸ்ரிக் கோப்பையும் ஒரே பையினுள் போகின்றன. ஒரு பையிலுள்ள பிளாஸ்ரிக்குக்காக முழுத் தொட்டியும் நிராகரிக்கப்பட்டு எரியுலைக்குத் திருப்பப்படலாம். திருப்பியதற்கான கட்டணமும் கோயிலின் தலையிலேயே விழும். கடைக்காரர்கள் தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் வாழைக்குலைக் காம்பையும் மரக்கறிக் கழிவுடன் கலக்காமல் வேறாக வைத்து, அவற்றைக் கூட்டெருவாக்கும் இடத்துக்கு அனுப்பலாமா என ஒப்பந்தகாரரிடம் விசாரிப்பது நல்லது. கோயில்களும் சங்கங்களும் புதிய விதி தமக்குப் பொருந்தும் நாளைத் தத்தம் கவுன்சிலில் கேட்டு அறிந்து கொள்ளட்டும்.

ஆடி, ஆவணித் தேர்த்திருவிழாக்களுக்கு முன்னர் கோயில் நிர்வாகசபைகள் கூடும். அக்கூட்டங்களில் தம் குப்பை ஒப்பந்தகாரரிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்வியை எழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம்: அன்னதானத்து வாழையிலைகள் எந்த ஆலைக்குப் போகின்றன, அங்கே அவை வாயுவாகின்றனவா, எருவாகின்றனவா, எரிகின்றனவா? கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கி எமக்கு அனுப்பினால் கோயில் வாரியாக இப்பக்கத்தில் வெளியிடுவோம்.